மோவர் பிளேடு: அடிபட்டால் என்ன செய்வது, அடிபடாமல் எப்படிப் புல் வெட்டுவது

யாருக்காவது இப்போதே அடிபட்டு ரத்தம் ஓடிக்கொண்டிருந்தால் இந்த ஒரு பத்தியை மட்டும் படியுங்கள். மோவரை அணையுங்கள். 911-ஐ அழைத்து போனை ஸ்பீக்கரில் போடுங்கள், முதலில் முகவரியைச் சொல்லுங்கள். துண்டோ டி-ஷர்ட்டோ, சுத்தமான துணி எது கைக்கு வந்தாலும் சரி, காயத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் உடம்பு எடையைக் கொடுத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சி அடித்தால், அல்லது அழுத்தியும் நிற்காமல் துணி நனைந்துகொண்டே போனால், காயத்துக்கு 2 அல்லது 3 அங்குலம் மேலே, முழங்கை முழங்கால் மூட்டின் மேல் வராமல், டூர்னிக்கெட்டை (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். விரல் துண்டாகியிருந்தால் அதைத் தேட இன்னொருவரை அனுப்புங்கள், நீங்கள் காயத்திலிருந்து கையை எடுக்க வேண்டாம். அவ்வளவுதான், மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

மற்றவர்கள் நிதானமாகப் படிக்கலாம். நான் டல்லஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் இருக்கிறேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. எல்லோருடைய கதையும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பல வருடம் அபார்ட்மென்ட், அப்புறம் முதல் வீடு, வீட்டோடு சேர்ந்து முன்னும் பின்னும் பெர்முடா புல்லோ செயின்ட் அகஸ்டீன் புல்லோ, கொஞ்சம் உயரமாக வளர்ந்தால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒரு கடிதம், அந்த வாரக் கடைசியிலேயே கடைக்குப் போய் ஒரு மோவர். இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் சின்ன வயதில் அப்பா பக்கத்தில் நின்று பார்த்துப் பழகிய ஒரு வேலையை நாம் 35, 40 வயதில், ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, தனியாகத் தொடங்குகிறோம். இயந்திரத்தைத் தள்ளுவது சுலபம் என்பதால் அதைக் காய்கறி வண்டி மாதிரி நினைத்துவிடுகிறோம். அமெரிக்காவில் ஒவ்வோர் ஆண்டும் பல்லாயிரம் பேர் மோவர் காயங்களோடு எமர்ஜென்சிக்குப் போகிறார்கள், அதில் சில ஆயிரம் பேர் குழந்தைகள்.

நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு நண்பரின் கை. ஜூன் மாதம், முந்தின இரவு மழை, புல் ஈரம். பாதி வெட்டியதும் புல் வெளியேறும் வாயில் ஈரப்புல் கட்டிகட்டியாக அடைத்துக்கொண்டது. அவர் கைப்பிடி லிவரை விட்டார், இன்ஜின் சத்தம் அடங்கியது, குனிந்து அடைப்பை எடுக்கக் கையை விட்டார். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போய்விட்டன. சத்தம் கேட்டு நான் ஓடினேன். எங்கள் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. ஒரு எவர்சில்வர் டம்ளரில் ஐஸ் கட்டிகளைப் போட்டு விரல் நுனியை நேராக அதற்குள் போட்டுக் கொண்டுபோனோம். அந்த டம்ளரை எடுத்து வந்து கொடுத்தது நான். பிளேடு ஏற்கெனவே சிதைத்திருந்ததில் மிச்சமிருந்ததை ஐஸ் கெடுத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருத்துவம் படிக்காத என்னைப் போன்ற ஒருவன் தெரிந்துவைத்திருக்கக்கூடிய விஷயம்தான் அது, அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

அந்த பிளேடு என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். வீடுகளில் அதிகம் இருப்பது 21 அங்குல பிளேடு உள்ள தள்ளும் மோவர். நிமிடத்துக்கு ஏறக்குறைய 3000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் பிளேடின் முனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கத்தி வெட்டினால் ஒரு கோடு விழும், தைத்துவிடலாம். இது அப்படி வெட்டுவதில்லை. ஒரு நொடிக்குள் ஐம்பது சுற்று வருவதால் கை கொஞ்சம் உள்ளே போனாலே பல தடவை வெட்டுகிறது, நசுக்குகிறது, எலும்பை உடைக்கிறது, கூடவே மண்ணையும் புல்லையும் நாய் மூத்திரத்தையும் சதைக்குள் திணிக்கிறது. அதனால்தான் இந்தக் காயத்தை டாக்டர்கள் சாதாரண வெட்டுக்காயமாகப் பார்ப்பதில்லை.

இரண்டாவது, அது எறியும் பொருள். கல், கம்பித் துண்டு, நாய் கடித்துப் போட்ட எலும்பு, பழைய ஆணி, எது பிளேடில் பட்டாலும் பறக்கும். எறிந்த பொருளால் வரும் காயத்தில் ஒரு ஏமாற்று உண்டு: வெளியே ஒரு சின்ன ஓட்டைதான் தெரியும், இரண்டு சொட்டு ரத்தம் வந்து நின்றுவிடும், ஆனால் ஒரு அங்குலக் கம்பி உள்ளே எலும்பு வரை போய் உட்கார்ந்திருக்கும். மோவர் ஓடிக்கொண்டிருக்கும்போது கணுக்காலிலோ தொடையிலோ வயிற்றிலோ சுருக்கென்று எதுவோ குத்தி ஓட்டை விழுந்திருந்தால் பேண்ட்-எயிட் ஒட்டிவிட்டு வேலையைத் தொடராதீர்கள், எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டிய காயம் அது.

சரி, சிகிச்சைக்கு வருவோம்.

காயம் எவ்வளவு பெரிதானாலும் முதல் வேலை ரத்தத்தை நிறுத்துவது, அதற்கு அழுத்தம்தான் மருந்து. குறைந்தது 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். முதல் துணி நனைந்தால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்துங்கள், ஏனென்றால் உறையத் தொடங்கிய ரத்தத்தையும் துணியோடு சேர்த்துப் பிய்த்து எடுத்துவிடுவோம். ஆழமான குழி மாதிரியான காயம் என்றால் துணியை மேலே வைத்தால் போதாது, குழிக்குள் திணித்து நிரப்பி அதன் மேல் அழுத்த வேண்டும். அடிபட்டவர் கத்துவார், பார்க்கச் சங்கடமாக இருக்கும், கையைத் தளர்த்தாதீர்கள். கல்லோ கம்பியோ குச்சியோ குத்தி நின்றுகொண்டிருந்தால் மட்டும் அதைப் பிடுங்கக்கூடாது. அதுவே உள்ளே ஒரு ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கலாம், சுற்றிலும் துணியை வைத்து அசையாமல் கட்டி அப்படியே கொண்டுபோங்கள்.

டூர்னிக்கெட் பற்றிப் பலருக்கும் ஒரு பயம் இருக்கிறது, கட்டினால் கையே போய்விடும் என்று. உயிர் போகிற அளவுக்கு ரத்தம் போகும்போது கட்டாமல் விடுவதுதான் ஆபத்து. ஆம்புலன்ஸ் வந்து மருத்துவமனை சேரும் நேரத்துக்குள் கட்டிய கை அழுகிப்போவதில்லை. கடையில் வாங்கிய டூர்னிக்கெட் இல்லையென்றால் ஒன்றரை அங்குலமாவது அகலமுள்ள துணிப் பட்டையைக் கட்டி, முடிச்சுக்குள் ஒரு உறுதியான குச்சியையோ ஸ்பேனரையோ வைத்துத் திருகி இறுக்குங்கள். கயிறும் ஒயரும் வேண்டாம், தோலை அறுத்துவிடும். கட்டிய நேரத்தைப் பேனாவால் நெற்றியிலோ கையிலோ எழுதுங்கள். நன்றாக வலிக்கும், வலிக்கிறது என்று இடையில் தளர்த்தக்கூடாது, அதை அவிழ்ப்பது டாக்டரின் வேலை. இதையெல்லாம் கையால் செய்து பழக இங்கே ஒரு வழி இருக்கிறது. 2015-இல் அமெரிக்காவில் தொடங்கிய 'ஸ்டாப் தி பிளீட்' பயிற்சியை அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் சங்கமான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் நடத்துகிறது, பல ஊர்களில் இலவசமாகவே கிடைக்கிறது, ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். நண்பரின் விபத்துக்குப் பிறகு நானும் மனைவியும் போனோம். ரப்பர் கையில் துணியைத் திணித்துப் பழகியபோதுதான் எவ்வளவு பலமாக அழுத்த வேண்டும் என்று விளங்கியது, நான் நினைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு.

துண்டான விரல். இதை மட்டும் தயவுசெய்து மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அழுக்கு அதிகமாக இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக ஒரு அலசு, தேய்க்க வேண்டாம், சோப்பு, டெட்டால் எதுவும் வேண்டாம். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்றுங்கள். சுற்றியதை ஜிப்லாக் பைக்குள் போட்டுக் காற்றுப் புகாமல் மூடுங்கள். அந்தப் பையை, தண்ணீரும் ஐஸும் கலந்த இன்னொரு பைக்குள்ளோ பாத்திரத்துக்குள்ளோ வையுங்கள். விரல் குளிர்ச்சியாக இருக்க வேண்டும், உறையக்கூடாது, ஐஸ் நேரடியாகத் தொடக்கூடாது, தண்ணீரில் ஊறவும் கூடாது. அது அடிபட்டவரோடு அதே வண்டியில் போக வேண்டும். மோவர் சிதைத்த விரலைத் திரும்ப ஒட்டவைப்பது பல நேரம் முடிவதில்லைதான், இருந்தாலும் நசுங்கிக் கிடக்கிறதே என்று எதையும் விட்டுவிடாதீர்கள். அதிலிருக்கும் தோலோ எலும்போ நகமோ வேறு விரலைச் சரிசெய்ய உதவலாம், அதைத் தீர்மானிக்க வேண்டியது கை அறுவைச் சிகிச்சை நிபுணர். கொஞ்சம் தோலில் தொங்கிக்கொண்டிருந்தால் அறுத்து எடுக்காதீர்கள், அந்தத் தோல் வழியாக ரத்தம் போய்க்கொண்டிருக்கலாம். இருக்கிற நிலையில் வைத்து, ஈரத் துணியால் சுற்றி, அசையாமல் கட்டுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள், சிரமப்பட்டால் விட்டுவிடுங்கள், அங்கே வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

கால் பிளேடுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தால் மோவரைப் பின்னால் இழுக்கவோ பிளேடைக் கையால் திருப்பவோ முயலாதீர்கள். இன்ஜினை அணைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரையோ பேட்டரியையோ கழற்றிவிட்டு, எட்டும் இடத்தில் ரத்தத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு தீயணைப்பு வண்டிக்குக் காத்திருங்கள். இந்த ஊரில் 911-ஐ அழைத்தால் சில நிமிடங்களில் வந்துவிடுவார்கள், மாட்டியதை எடுக்கும் கருவியும் பயிற்சியும் அவர்களிடம் இருக்கிறது.

அடிபட்டவரைப் படுக்கவைத்து ஒரு போர்வை போர்த்துங்கள், டெக்சாஸ் வெயிலில்கூட ரத்தம் போனவருக்குக் குளிரும். தண்ணீர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மனசு கேட்காது, அதுவும் நம் வீடுகளில் முதலில் ஓடிப்போய் எடுத்து வருவது சொம்புத் தண்ணீர்தான். ஆனால் சில மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டிவரும், வயிறு காலியாக இருப்பதுதான் அவருக்கு நல்லது. அவர் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் மாதிரி ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை ஆம்புலன்ஸ்காரரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கண்ணில் ஏதாவது பறந்து விழுந்தால் தேய்க்காதீர்கள், அழுத்தாதீர்கள். குத்தியிருக்கிறது, ரத்தம் வருகிறது, பார்வை மங்கலாக இருக்கிறது என்றால் தண்ணீர் விட்டுக் கழுவுவதும் வேண்டாம், ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்துக் கண்ணைத் தொடாமல் மூடி, ஓரத்தில் டேப் ஒட்டி எமர்ஜென்சிக்குப் போங்கள். வெறும் தூசியோ பெட்ரோலோ பட்டிருந்தால் நேர்மாறு: குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், அதன் பிறகும் எரிச்சல் இருந்தால் டாக்டர்.

சைலன்சர் சுட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். வெட்டுக்காயத்தில் காபித்தூளை அப்புவதும் மஞ்சள் வைத்துக் கட்டுவதும் நம் பாட்டிகள் செய்ததுதான், அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் மோவர் காயத்தில் அதைச் செய்யாதீர்கள். மண் நிறைந்த காயத்தில் இன்னொரு தூளைப் போட்டால் அதையும் சேர்த்துச் சுரண்டி எடுக்க வேண்டிவரும், அந்த வலி அடிபட்டவருக்குத்தான்.

சின்னக் காயங்களை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். குழாய்த் தண்ணீரில் ஐந்து பத்து நிமிடம் நன்றாகக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டுச் சுத்தம்செய்து, ஆயின்ட்மென்ட் தடவிக் கட்டுங்கள். ஆனால் காயம் வாய் பிளந்திருந்தாலோ, விரல் மடங்காமல் போனாலோ, மரத்துப்போனாலோ, மண் போகாமல் உள்ளேயே நின்றாலோ வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். டெட்டனஸ் ஊசி வழக்கமாக 10 ஆண்டுக்கு ஒருமுறை, மண் பட்ட அழுக்குக் காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு ஆகியிருந்தாலே இன்னொன்று போட வேண்டும். எப்போது போட்டீர்கள் என்று நினைவில்லாவிட்டால் போட்டுக்கொள்வதுதான் சரி. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் ஒரு கீறலாக இருந்தாலும் காட்டிவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் வலி தெரியாது, நாலு நாள் கழித்துச் சீழ் வைத்த பிறகுதான் சாக்ஸ் ஒட்டுகிறதே என்று பார்ப்பார்கள்.

எங்கே போவது என்பதிலும் நம்மவர்களுக்குக் குழப்பம் உண்டு, பில் பயத்தில் முதலில் அர்ஜென்ட் கேருக்கு, அதாவது சின்னச் சின்ன அவசரங்களைப் பார்க்கும் கிளினிக்குக்குப் போவது. தையல் போடுகிற வெட்டுக்காயம் என்றால் அது போதும். எலும்பு உடைந்திருந்தால், விரல் போயிருந்தால், கண்ணில் பட்டிருந்தால் அர்ஜென்ட் கேர் உங்களைப் பெரிய மருத்துவமனைக்குத்தான் அனுப்பும், இடையில் ஒரு மணி நேரம் வீண். காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பணம் கட்ட முடிந்தாலும் முடியாவிட்டாலும், எமர்ஜென்சிக்கு வந்தவரைப் பரிசோதித்து உயிராபத்தைச் சரிசெய்ய வேண்டும் என்று 1986-இலேயே இங்கே சட்டம் இருக்கிறது. பில் பிறகு வரும், பேசிக் குறைக்கவும் முடியும். ஊரிலிருந்து வந்த பெற்றோருக்கு அடிபட்டால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், போனிலோ வீடியோவிலோ ஏற்பாடு செய்வார்கள். நீங்களே மொழிபெயர்க்கும்போது பதற்றத்தில் பாதி விட்டுப்போகும்.

மருத்துவமனையில் நடப்பதைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்திருந்தால் பயம் குறையும். ரத்தக்குழாய் வழியாக ஆன்டிபயாட்டிக் சீக்கிரம் தொடங்குவார்கள், ஏனென்றால் மண்ணிலிருந்து வரும் கிருமிகள் பல வகை, ஒரே மருந்துக்கு எல்லாம் அடங்காது. பிறகு அறுவை அறையில் காயத்தை லிட்டர் கணக்கான தண்ணீரால் கழுவி, செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். பெரிய காயத்தை அன்றைக்கே தைத்து மூடாமல் திறந்தே விடுவார்கள். என் நண்பரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஏன் இவர்கள் தைக்காமல் விட்டுவிட்டார்கள் என்று அழுதார். அலட்சியம் அல்ல, அழுக்கை உள்ளே வைத்துத் தைத்தால் சீழ் பிடிக்கும் என்பதால்தான். இரண்டு மூன்று நாளில் மறுபடி உள்ளே போய்ப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொருமுறை சுத்தம்செய்து, அப்புறம்தான் மூடுவார்கள், சில நேரம் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல், கெட்ட வாடை, சிவப்பு பரவுவது, வலி குறையாமல் கூடுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள். சிகரெட் பிடிப்பவர் என்றால் நிறுத்தியே ஆக வேண்டும், நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடும், ஒட்டவைத்த விரல் அதனாலேயே போய்விடலாம். கைக்குப் பயிற்சி கொடுக்கும் தெரபி மாதக்கணக்கில் போகும், சலிப்பாக இருந்தாலும் விடக்கூடாது. அடிபட்டது குழந்தை என்றால் கெட்ட கனவு, மோவர் சத்தம் கேட்டாலே நடுங்குவது எல்லாம் இருக்கும், பெற்றோருக்கும் இருக்கும். காலைப் பார்க்க டாக்டர் இருப்பது போல அதற்கும் ஆள் இருக்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.

இனி, இது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது.

கை போவது பெரும்பாலும் அடைப்பு எடுக்கும்போதுதான், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன். 1982-க்குப் பிறகு அமெரிக்காவில் செய்த தள்ளும் மோவர்களில் கைப்பிடி லிவரை விட்டால் 3 விநாடிக்குள் பிளேடு நிற்க வேண்டும் என்பது விதி. மூன்று விநாடி என்பது கேட்கச் சின்னதாக இருக்கிறது, என் நண்பர் குனிவதற்கு அதைவிடக் குறைவான நேரம்தான் ஆனது. லிவரை விட்டதும் நிமிர்ந்து நின்று மெதுவாகப் பத்து வரை எண்ணுங்கள். அதற்கப்புறம், பெட்ரோல் மோவர் என்றால் ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள், பேட்டரி மோவர் என்றால் சாவியையும் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள், ஒயர் மோவர் என்றால் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். நின்ற இன்ஜின்தானே என்று நினைக்க வேண்டாம். தள்ளும் பெட்ரோல் மோவரில் பிளேடு இன்ஜினின் தண்டோடு நேராகச் சேர்ந்திருக்கிறது, அடைத்த புல்லை இழுக்கும்போது பிளேடு திரும்பினால் இன்ஜினும் திரும்பும், ஒரு தடவை பற்றிக்கொண்டால் போதும். இத்தனையும் செய்த பிறகும் கையை உள்ளே விடாதீர்கள், ஒரு குச்சியையோ பழைய துடைப்பக் கட்டையையோ விடுங்கள். கையுறை பிளேடிடமிருந்து காப்பாற்றாது. பெட்ரோல் மோவரைச் சாய்க்கும்போது ஸ்பார்க் பிளக்கும் ஏர் ஃபில்டரும் மேல்பக்கம் வரும்படி சாயுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் வழிந்து கெடுக்கும்.

லிவரை அழுத்திப் பிடிக்கக் கை வலிக்கிறது என்று சிலர் அதைக் கயிற்றால் கட்டிவைத்து ஓட்டுகிறார்கள். கராஜ் சேலில் வாங்கிய பழைய மோவர்களில் முந்தைய சொந்தக்காரரே கட்டிவைத்திருப்பதை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். அந்த லிவர் உங்கள் கால் வழுக்கி விழும் நொடியில் பிளேடை நிறுத்துவதற்காக இருக்கிறது. கட்டியிருந்தால் அறுத்து எறியுங்கள். பழையது வாங்கும்போது ஓட்டிப் பார்த்து, லிவரை விட்டால் நிற்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள். புல் வெளியேறும் வாயை மறைக்கும் மடல் உடைந்திருந்தால் மாற்றுங்கள், பக்கவாட்டில் கல் பறப்பதை மறிப்பது அதுதான்.

ஈரப்புல்லில் வெட்டாதீர்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது: ஜூலை ஆகஸ்டில் பத்து மணிக்கு மேல் வெளியே நிற்க முடியாது, விடியற்காலையில் பனி ஈரம், ஸ்பிரிங்க்ளரும் அப்போதுதான் ஓடி முடித்திருக்கும். நான் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல், வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுகிறேன், ஸ்பிரிங்க்ளர் நேரத்தையும் வெட்டும் நாளுக்கு மறுநாள் விடியற்காலை என்று மாற்றிவைத்துவிட்டேன். ஈரத்தில் அடைப்பும் வரும், காலும் வழுக்கும். வழுக்கும்போது கால் போவது நேராக மோவருக்கு அடியில்தான், அதிலும் மோவரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே பின்னால் நடக்கிறவர்களுக்கு. முன்னால் தள்ளுங்கள், பின்னால் இழுக்க வேண்டியிருந்தால் நின்று திரும்பிப் பார்த்து இழுங்கள். சரிவான இடத்தில் தள்ளும் மோவரைக் குறுக்காக ஓட்ட வேண்டும், உட்கார்ந்து ஓட்டும் மோவரை மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், குறுக்காகப் போனால் அது கவிழும். பள்ளத்தின் கரை மாதிரி செங்குத்தான ஓரங்களுக்கு எந்த மோவரும் வேண்டாம், கையில் பிடித்து வெட்டும் டிரிம்மரால் வெட்டுங்கள்.

தொடங்குவதற்கு முன் ஒரு சுற்று நடங்கள். பிள்ளைகளின் பந்து, நாயின் எலும்பு, கல், சுள்ளி, ஒயர், தலை தூக்கி நிற்கும் ஸ்பிரிங்க்ளர். நெருப்பெறும்புப் புற்று எங்கே இருக்கிறது என்றும் பார்த்துவையுங்கள், தெரியாமல் அதன் மேல் நின்று நடனமாடும்போது கையில் ஓடும் மோவர் இருக்கக்கூடாது. மூடிய ஷூ, கெட்டியான அடி, முழுக்கால் பேண்ட், பக்கவாட்டிலும் மறைக்கும் பாதுகாப்புக் கண்ணாடி. வாங்கும்போது கண்ணாடியில் இசட் 87 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள், நாம் படிக்கப் போடும் கண்ணாடி அந்த அடியைத் தாங்காது. டிரிம்மர் பிடிக்கும்போது கண்ணாடி இன்னும் அவசியம். காதுக்கும் ஒன்று மாட்டிக்கொள்ளுங்கள், பெட்ரோல் மோவர் வாராவாரம் காதைத் தின்னும். பெட்ரோல் ஊற்றுவது வெட்டத் தொடங்கும் முன், வெளியில், இன்ஜின் ஆறியிருக்கும்போது. கராஜுக்குள் ஓடவிட்டுப் பார்க்கவே கூடாது, கதவு திறந்திருந்தாலும் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

குழந்தைகள் விஷயத்தில் நான் யாரோடும் சமரசம் பேசுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் சொல்வது இது: தள்ளும் மோவருக்குக் குறைந்தது 12 வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16 வயது, 6 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் புல் வெட்டும் நேரத்தில் வீட்டுக்குள். கொல்லைப்புறத்தில் தள்ளி நிற்கிறானே என்பது போதாது. ஏக்கர் கணக்கில் இடம் வாங்கியவர்கள் உட்கார்ந்து ஓட்டும் மோவரில் பிள்ளையை மடியில் வைத்து ஒரு ரவுண்டு போகிறார்கள், போட்டோ அழகாக இருக்கும். வழுக்கி விழுந்தால் அது பிளேடுக்கு அடியில் விழுகிறது என்பது ஒரு பக்கம். அதைவிட மோசமானது, அந்தப் பிள்ளைக்கு மோவர் சத்தம் என்றால் விளையாட்டு என்று மனதில் பதிந்துவிடுகிறது, அடுத்த முறை கூப்பிடாமலேயே பின்னாலிருந்து ஓடி வருகிறது, சத்தத்தில் ஓட்டுகிறவருக்கு எதுவும் கேட்பதில்லை, அவர் ரிவர்ஸ் எடுக்கிறார். இந்த ஊர் மருத்துவமனைகளில் குழந்தைகளின் கால் போவது இப்படித்தான், ஓட்டியவர் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் அப்பாவோ தாத்தாவோதான். புதிய வண்டிகளில் ரிவர்ஸ் எடுத்தால் பிளேடு தானாக நிற்கும், அதை மீறி ஓட்ட ஒரு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள். வெட்டத் தொடங்கும் முன் உள்ளே இருக்கும் பெரியவர் ஒருவரிடம் "பிள்ளை உங்கள் பொறுப்பு, கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள். ஆளுக்கு ஆள் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்த வீட்டில்தான் கதவு திறந்திருக்கும்.

கடைசியாக ஊரிலிருந்து வரும் அப்பாக்கள். ஆறு மாதம் தங்க வருவார்கள், நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும், வீட்டில் செய்ய ஒன்றும் இருக்காது, மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு ஏதாவது உதவியாக இருக்கட்டும் என்று கராஜைத் திறந்து மோவரை எடுப்பார்கள். லுங்கியோடும் ரப்பர் செருப்போடும். என் அப்பாவும் செய்தார், ஒரு கல் பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலை உடைத்ததோடு போயிற்று. அவரை அதட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை, உதவ வேண்டும் என்ற ஆசையைக் குறை சொல்வது எப்படி. ஒரு சனிக்கிழமை அவருக்கும் ஷூ, பேண்ட், கண்ணாடி வாங்கிக் கொடுத்து, லிவர் என்ன, பத்து எண்ணுவது ஏன் என்று நின்று காட்டினேன். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். நான் வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் வெட்டுவது என்று இருவரும் பேசிக்கொண்டோம். பேட்டரியும் சாவியும் வீட்டுக்குள் என் மேஜை இழுப்பறையில் இருக்கும்.

எங்கள் கராஜில் மோவர் நிற்கும் இடத்துக்கு மேலே ஒரு ஆணியில் ஒரு பை தொங்குகிறது. அதில் ஒரு டூர்னிக்கெட், நாலு சுருள் காஸ் துணி, கையுறை, மார்க்கர் பேனா, ஒரு காகிதக் கப், டேப், நாலைந்து ஜிப்லாக் பைகள், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு அட்டை. அட்டையின் பின்பக்கத்தில் தமிழில் விரலை எப்படிச் சுற்ற வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். என் அம்மா படித்துப் பார்த்துவிட்டு "பிழிஞ்ச துணி" என்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்.